ஊத்தைப் பகிடி

கார்ட்டூன் எண்டுதான் சொன்னனான்.
பெரியாக்களுக்கு எண்டும் சொன்னனான்.
முதல் சொல்லை மட்டும் காதில வாங்கிக்கொண்டு
புஸ்பகாந்தி அக்கா ஏழு வயசுப் பெடியனோட வந்திட்டா,
கையில ஒரு சரை கச்சான்.

விசுவமடு அரிசி ஆலை,
உமி அள்ளி முடிஞ்ச சனிக்கிழமை.
அடுக்கின மூட்டையளில வெள்ளை விரிப்பைக் குத்தி
புரொஜெக்டரைத் தராசுக்கு மேல வைச்சன்.
மூண்டு கிலோ இருநூறு எண்டு காட்டிச்சுது தராசு.

தொடக்கத்திலேயே கழுதை மந்திரி
சபையில எழும்பி நிண்டு
மூண்டு நிமிஷம் குசு விட்டார்.
குசுவை மொழிபெயர்க்க ஒரு நரி.
அதை வழிமொழிய நூற்றிப் பன்னிரண்டு பண்டி.

பெடியன் விழுந்து விழுந்து சிரிச்சான்.
தாய் அவன்ர கண்ணைப் பொத்தினா.
குசு காதால போற சாமான் எண்டு
பேந்துதான் அவவுக்கு விளங்கினது.
ஆளை ட்ராக்டரில ஏத்தி விளையாட விட்டுட்டு
தான் மட்டும் திரும்பி வந்து குந்தினா.

எனக்கு இது நாலாம் தரம்.
அதால விரிப்புக்கு முதுகைக் காட்டி
சனத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

வங்கியில வேலை செய்யிற அமலதாஸ்
"இதெல்லாம் ஒரு படமோ" எண்டு எழும்பினார்,
கதவடியில செருப்பை மாட்டினார்,
மாட்டின செருப்போட அங்கேயே நிண்டு
கடைசி எழுத்து ஓடுமட்டும் பாத்தார்.
ஜி.எஸ். ஐயா சிரிக்கேல்லை.
சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு
கன்னத்தில துடிச்சுது.

உமி அள்ளுற பொம்பிளையள் நாலு பேர்
சால்வையை வாய்க்குள்ள அடைஞ்சு வைச்சிருந்தினம்.
பண்டி ராணி கட்டிலில போட்ட கூத்துக்கு
செல்வநிதி சால்வையை வெளியில எடுத்து
"பரவாயில்லை, உவள் கேட்டு வாங்கிறாள்" எண்டா.
மற்ற மூண்டு பேரும் அவவின்ர முதுகில போட்ட அடியில
உமித்தூசு எழும்பி
வெளிச்சத்துக்குள்ள கொஞ்ச நேரம் நிண்டுது.

பிறகு அந்த இடம் வந்தது.
கோழியளுக்கும் தாராக்களுக்கும் சண்டை.
வெடிச்சத்தம்.
ஒரு சேவல் சிப்பாயின்ர கால் கழண்டு பறந்து
தனிய நிண்டு டான்ஸ் ஆடுது.
இதை வெட்டோணும் எண்டு நினைச்சிருந்தனான்.
மறந்துபோனன் எண்டு சொன்னால் பொய்.

முழுச் சனமும் குணாளண்ணையைத் திரும்பிப் பாத்தது.
வெக்கைக்குக் கழட்டின காலை
மூட்டையில சாத்தி வைச்சிட்டு
கச்சான் கோது உடைச்சுக்கொண்டிருந்தார்.

"பின்னால ஓட்டு" எண்டார்.
ஓட்டினன்.
"இன்னொருக்கா."
ஓட்டினன்.
"பறந்தது இடது.
ஆடுறது வலது.
கீறினவனுக்குக் கண் தெரியாது."

அதுக்குப் பிறகு வந்த சிரிப்புக்கு
படம் பொறுப்பில்லை.

படத்தில ஊத்தையே இல்லாத துண்டு ஒண்டிருக்கு,
ஒரு நிமிஷம்கூட வராது.
நீலத் தொப்பி போட்ட கொக்குகள்
வெள்ளை வாகனங்களில ஏறிப் போகுதுகள்.
கடைசிக் கொக்கு யன்னலால கழுத்தை நீட்டி
மரத்தில ஒரு மட்டையைக் கொழுவுது:
ஆழ்ந்த கவலை.

பொம்பிளையள் நால்வரும் பேசாமல் இருந்தினம்.
குணாளண்ணையின்ர கையில கோது உடையேல்லை.
ஜி.எஸ். ஐயா சிரிச்சார்.
அப்பிடி ஒரு சத்தம் அவரிட்டை இருக்கெண்டு
ஆருக்கும் தெரியாது.
மூச்சுப் பிடிச்சு, கதிரையைப் பிடிச்சு,
கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு,
போட்டுட்டுத் திரும்பவும் சிரிச்சார்.
செல்வநிதி தண்ணிப் போத்தலை நீட்டினா.
வாங்கினார், குடிக்கேல்லை.
கழுதை அடுத்த குசுவை விட்டு முடிச்சும்
அவர் நிப்பாட்டேல்லை.

திங்கள் காலமை ஆலைக்கு வந்தார்.
பிள்ளையள் நடமாடுற இடத்தில
இப்பிடியான படம் போடப்படாது எண்டு
கடதாசியில எழுதிச் சீல் குத்தித் தந்தார்.
போக வெளிக்கிட்டவர் வாசலில நிண்டு,
"அந்தக் கொக்குத் துண்டை மட்டும்
போனுக்கு அனுப்பிவிடும் தம்பி."

ஒழுங்கையில ட்ராக்டரடிப் பெடியன்
பள்ளிக்கூடப் பையோட போறான்,
மந்திரி மாதிரி நெஞ்சை நிமித்தி,
உள்ளங்கையைக் கக்கத்துக்குள்ள வைச்சு அமத்தி அமத்தி.
பின்னால தாய்,
காது கேக்காத ஆள் மாதிரி.